சொந்தமாய்க் கட்டிய விமானத்தில் முதல் நெடும்பயணம்

தன் கையாலேயே ஓர் ஆகாய விமானத்தைக் கட்டி, அதிலேறித் தொலைதேசம் போகின்றவனைக் கண்டால், உலகம் முதலிற் புகழ்வது அவனுடைய தைரியத்தையே. அப்புகழ்ச்சி இடந் தவறியது என்பது நமது அபிப்பிராயம். தைரியமில்லாதவன் விமானங் கட்டத் தொடங்குவதே இல்லை. ஆதலால் அது அவனிடம் முன்னரே மிகுதியாயுண்டு. அவனிடம் பெரும்பாலும் குறைந்திருப்பது, தன் கைவேலையைத் தானே ஐயுறும் குணமும், பாதிவழியிற் திரும்பிவர நாணாத மனமுமாம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒருவன் கல்வியின் பொருட்டோ பொழுதுபோக்கின் பொருட்டோ ஒரு விமானத்தின் பெரும்பகுதியைத் தானே கட்டுவானாயின், அதனைச் சோதனை விமானமென வகுத்துப் பறக்க அரசாங்கத்தார் அனுமதியளிப்பர். எனினும் உடனே ஊர்விட்டு ஊர் போக விடுவதில்லை. நெடுங்காலமாய் வழங்கிவரும் முறைப்படி, யந்திரமும் அதன் சுழல்விசிறியும் முன்னரே அங்கீகாரம் பெற்ற இணையாயின் 25 மணி நேரமும், அல்லவாயின் 40 மணி நேரமும், குறித்த எல்லைக்குள்ளே பறந்து சோதித்தல் வேண்டும். இஃது அறிவுடையோர் செய்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

ஆனால் "நாற்பது மணி நேரம் பறந்தாயிற்றே, இனி அச்சமென்ன?" என்று கேட்போர் பலர். அவர்கள் ஒன்றைக் கருதிப் பார்த்தல் வேண்டும். அந்த நாற்பது மணியும் ஒரே நாற்பது மணியன்று. ஒவ்வொரு மணியாகச் சேர்ந்தது. ஒருநாளேனும் பெட்ரோல் தொட்டி அடிமட்டம் வரை வற்றியதில்லை. ஒருநாளேனும் யந்திரம் நான்கு மணி நேரம் இடைவிடாது ஓடியதில்லை. கீழே தெரிந்த ஆறும் குன்றும் பழகிய ஆறும் குன்றுமே. எண்ணெய் மணிக்கு எவ்வளவு குறைகின்றது, எந்தத் திருகாணி நடுக்கத்தினால் மெல்ல மெல்ல நெகிழ்கின்றது, தொட்டியிற் கடைசியாய் நிற்கும் சில காலன் பெட்ரோல் உண்மையிலேயே யந்திரத்திற்கு வந்து சேருமா என்பனவெல்லாம் முதல் நெடும்பயணத்தில்தான் வெளிப்படும்.

திசைகாட்டியின் கதையைக் கேளுங்கள். பக்கத்திலுள்ள இரும்பும் மின்கம்பியும் அதன் முள்ளைச் சிறிதே இழுக்கும். வீட்டருகே பறக்கும்போது இந்தப் பிழை யாருக்குத் தெரியப்போகின்றது? விமானத்தளம்தான் கண்ணெதிரே கிடக்கின்றதே! ஒரு பாகைப் பிழைக்கு 60 மைலுக்கு ஒரு மைல் வீதம் வழி விலகும் என்பது விமானிகள் கையாளும் கணக்கு. ஐந்து பாகை பிழைத்தால் 300 மைல் சென்றபின் விமானி 25 மைல் அப்பால் நிற்பான். அவன் தேடும் தளம் அங்கிராது, தொட்டியோ வற்றிக்கொண்டிருக்கும்.

காற்றில் ஈரம் மிக்கிருந்தால், வெளியே உறைபனி இல்லாத நாளிலும், பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியினால் கார்புரேட்டரின் குழாயினுள்ளே பனிக்கட்டி படியும். இதனைப் பாடபுத்தகத்தில் வாசித்தறிந்தவன் ஒருவன். அயலூர் மலைக்கு மேலே யந்திரம் இருமக் கேட்டறிந்தவன் வேறொருவன்.

கட்டியவனே சோதிப்பவனும் ஆகும்போது இந்த அபாயம் இரட்டிக்கின்றது. பரீட்சை எழுதிய மாணவன் தன் கணக்கைத் தானே மறுமுறை பார்க்கையில், முன்பு எந்த வரியிற் பிழைத்தானோ அதே வரியைச் சரியென்றே மறுபடியும் வாசித்துச் செல்வான். நம்மில் இதனை அனுபவியாதார் யார்? இரண்டாண்டு, ஐந்தாண்டு என்று தன் மாலைப்பொழுதுகளையெல்லாம் கொடுத்து அறைந்த ஆணிகளை, அறைந்தவனே எங்ஙனம் பகைவனைப்போல் நோக்குவான்? 2012-ஆம் ஆண்டில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தார் இவ்வகை விமானங்களின் விபத்துக்களை ஆராய்ந்து, யந்திர சக்தி இழத்தலும் விமானம் கைமீறிப் போதலுமே பெருங் காரணங்கள் என்றும், விமானத்தின் ஆயுளின் தொடக்கக் காலத்திலேயே விபத்துக்கள் மிகுகின்றன என்றும் கண்டனர். பறக்குமுன்னரே பெட்ரோல் ஓட்டத்தைச் சோதித்தறிய வேண்டுமென்றும் வற்புறுத்தினர்.

"நெடும்பயணம் ஒன்று நன்றாக முடிந்துவிட்டால் விமானம் நன்றென்பது நிச்சயமாகாதோ?" எனின், ஆகாது. பிரான்சு தேசத்து ஆன்ரி மின்யே என்பவர் தாம் அமைத்த சிறு விமானத்தில் 1935-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆங்கிலக் கால்வாயையே கடந்தார். எளிய கைக்கருவிகளைக் கொண்டு எவரும் கட்டலாமென அவர் எழுதிய புத்தகத்தை நம்பிப் பலர் கட்டினர். கட்டியோரிற் சிலர் மாண்டனர். 1936-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் காற்றுக்கூண்டில் வைத்துச் சோதித்தபோதுதான், மூக்கு ஓரளவுக்கு மேற் கவிழ்ந்துவிட்டால் அவ்விமானத்தை நிமிர்த்த இயலாதென்பது புலப்பட்டது. மின்யே வஞ்சகரல்லர், தம் உயிரையே அதில் வைத்துக் கடல் கடந்தவர். ஆயினும் அக்கடற்பயணம் அவருக்கு அந்தக் குறையைக் காட்டவில்லை. அன்றைக்கு மூக்கு அவ்வளவு கவிழவில்லை, அவ்வளவே.

இனி, நாம் மிகவும் மதிக்கும் ஒருவரைக் கூறுவோம். கலிபோர்னியாவைச் சேர்ந்த டொனால்டு டெய்லர் என்பவர், ஜான் தார்ப் வகுத்த படத்தைக்கொண்டு, தார்ப் டி-18 என்னும் அலுமினிய விமானத்தைத் தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையிற் கட்டினார். சிறகின் முழு அகலமே ஏறத்தாழ 21 அடி. நமது வகுப்பறை ஒன்றினுள் அடங்கிவிடும். 1973-ஆம் ஆண்டில் அதிலேறி உலகைச் சுற்றப் புறப்பட்டு, ஜப்பான் வரை சென்றுவிட்டார். எஞ்சியிருந்தது வடபசிபிக் சமுத்திரம். வானிலை இடங்கொடுக்கவில்லை, முயற்சியை நிறுத்திக்கொண்டார்.

இவ்விடத்திற் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். உலகின் பெரும்பாகத்தைக் கடந்தாயிற்று. இன்னும் சில தினங்கள் துணிந்திருந்தால் புகழ் கையில். வீட்டிலோ சிநேகிதர் காத்திருக்கின்றனர். அந்நிலையில் "இல்லை" என்று தன் மனத்திற்குத் தானே சொல்லுதல் எளிதோ? மூன்றாண்டு கழித்து, 1976-ஆம் ஆண்டிற் புறப்பட்டு, செப்டம்பர் 30-ஆம் தேதி ஆஷ்கோஷ் நகரில் வந்திறங்கினார். தன் கையாற் கட்டிய விமானத்தில் பூமியைச் சுற்றிய முதல் மனிதர் அவரே. வழி 26,190 மைல், 37 கட்டம், பறந்த நேரம் 176 மணி. மணிக்கு ஏறக்குறைய 149 மைல் வேகம், கட்டத்திற்குச் சராசரி ஐந்து மணிக்கும் குறைவு. 176 மணியென்பது ஒரு வாரத்தைச் சிறிதே மிஞ்சும். பயணமோ ஏறத்தாழ இரண்டு மாதம். மற்ற நாட்களெல்லாம் எங்கே போயின? தரையிலே போயின. உலகைச் சுற்றியதென நாம் கொண்டாடும் காரியத்தில் எட்டில் ஒரு பங்குதான் பறத்தல் என்பதைப் பத்திரிகைகளில் எடுத்தெழுதுவார் அரியர்.

ஆதலின், முதல் நெடும்பயணம் புறப்படும் எவருக்கும் நமது யோசனை ஒன்று உண்டு. திரும்பும் இடத்தை முந்தின நாள் இரவே காகிதத்தில் எழுதி வைத்தல் வேண்டும்: இந்த ஊரை இத்தனை மணிக்குள் காணாவிடில், பெட்ரோல் இந்தக் கோட்டிற்குக் கீழே இறங்கினால், மேகம் இந்தக் குன்றின் தலையை மறைத்தால், திரும்புவது. விளக்கடியில் நாற்காலியில் அமர்ந்திருப்பவனுக்குள்ள நிதானம், மேகத்தின் நடுவே தத்தளிப்பவனுக்கு இராது. விருந்து சமைத்துக் காத்திருக்கும் உறவினருக்கும், "நான் வராமலும் போகலாம், கவலைப்படற்க" என்று முன்னரே சொல்லிவிடுதல் நலம். அவர்கள் முகத்தை நினைத்தே மேகத்தினுள் நுழைந்தவர் உண்டு.

டெய்லரின் விமானம் இன்று ஆஷ்கோஷ் நகரத்துக் காட்சிச்சாலையில் இருக்கின்றது. அதன் பெயர் 'விக்டோரியா 76'. வெற்றிபெற்ற ஆண்டைப் பெயரிற் சேர்த்திருக்கின்றனர், 73-ஐச் சேர்த்தாரில்லை. நம்மைக் கேட்டால் இரண்டையும் எழுதியிருக்கலாம் என்போம்.