திறந்து மூடும் கூரையும் திறந்தே கிடக்கும் மண்ணும்

ஒரு மக்களினத்தின் உடல்வலிமை, அம்மக்கள் அமர்ந்து கண்டு களிக்கும் அரங்குகளின் உயரத்தால் அளக்கப்படுவதன்று. அவர்தம் பிள்ளைகள் இறங்கி விளையாடும் திடல்களின் எண்ணிக்கையாலேயே அளக்கப்படுவதாகும்.

இற்றை உலகில், பல்வகை விளையாட்டுகளுக்கும் ஒருங்கே பயன்படும் பேரரங்குகளுக்குத் திறந்து மூடும் கூரை அமைப்பது பெருமையாகக் கருதப்படுகின்றது. எஃகு வளைவுகள் உருண்டு வந்து வானையே மறைத்துவிடும் அத்தொழில்நுட்பம் வியத்தற்குரியதே. ஆயின், அவ்வியப்பின் விலை யாது?

கனடா நாட்டின் மொன்றியல் நகரில் 1976-ஆம் ஆண்டு ஒலிம்பிக்குப் போட்டிகளுக்கெனக் கட்டிய அரங்கின் கூரை, போட்டிகள் முடிந்து பதினோராண்டுகள் கழித்து 1987-இல்தான் பொருத்தப்பெற்றது. காற்று வலுத்தால் அதனை இயக்கவியலாது, பன்முறை கிழிந்தது. 1998-இல் அதனை நீக்கி நிலையான கூரை வேய்ந்தனர். மறு ஆண்டே பனிச்சுமையால் அதன் ஒரு பகுதி சரிந்தது. அவ்வரங்கின் கடனை மக்கள் புகையிலை வரி செலுத்தி அடைத்து முடித்தது 2006-இல்! அந்நாட்டின் தொரொண்டோ நகரில் 1989-இல் ஏறத்தாழ 57 கோடித் தாலர் செலவில் எழுந்த அரங்கின் கூரையோ நன்றாகவே இயங்கிற்று. எனினும் 2004-இல் அவ்வரங்கு இரண்டரைக் கோடித் தாலருக்கு விற்கப்பெற்றது. கூரை நின்றது, பொதுப்பணம் கரைந்தது.

பனி பெய்யும் நாட்டார்க்கேனும் அக்கூரைக்கு ஒரு கரணியம் உண்டு. பனியறியா நெய்வேலிக்கும் இத்தகைய அரங்கொன்று வேண்டுமென்று எவரேனும் அவாவுவராயின், அவர் 2011-ஆம் ஆண்டின் இறுதியில் கடலூர்க் கரையைத் தாக்கிய தானேப் புயலை நினைத்துப் பார்ப்பாராக. பண்ணுருட்டிப் பகுதியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த காற்று அது. மழைக்காலப் பயிற்சிக்கு எளிய உள்ளரங்குகள் போதும். வெயிலுக்கு மரநிழலும் காலை மாலைப் பொழுதுகளும் போதும்.

நெய்வேலியில் உண்மையில் திறக்கப்பெற்ற கூரை, மண்ணே! 1957-இல் நேரு தொடங்கி வைத்த சுரங்கத்திற்கென உழவர் தம் நிலங்களைக் கொடுத்தனர். மேல்மண் அகற்றப்பெற்றது, அடியிலிருந்த நீரழுத்தத்தைக் குறைக்க நிலத்தடி நீர் இறைக்கப்பெற்றது, பழுப்பு நிலக்கரி மின்னாற்றலாகித் தொலைநகர்களின் விளக்குகளை எரியச் செய்தது. 2023 சூலையில் வளையமாதேவியில், விளைந்து நின்ற நெற்பயிரின் மீதே கால்வாய் வெட்டும் பொறிகள் இறங்கியதை நாடு கண்டது. மண்ணைத் திறந்தவர்க்கு அம்மண்ணின் மக்கள்பால் கடனொன்று உண்டு; அது கூரையால் தீராது.

நகரியத்தின் உள்ளே பாரதி பெயரால் ஓர் அரங்கு முன்னரே உள்ளது. வேண்டுவது இன்னுமோர் அரங்கன்று. நிலமிழந்து குடிபெயர்ந்த மக்கள் வாழும் ஊர்தொறும் ஒரு திடல். அத்திடலில் சடுகுடுவும் சிலம்பமும் பந்தாட்டமும் பயிற்ற ஓர் ஆசான். பெண்மக்களுக்குத் தனியே உடைமாற்றும் அறை. குடிக்க நல்ல நீர். ஒரு பேரரங்கின் கூரையை ஆண்டுதோறும் பேணும் பொருளைக்கொண்டே இவற்றுட் பலவற்றைச் செய்து முடித்தல் கூடும்.

வானை மூடுதற்குப் பொருள் தேடுவார், முதற்கண் தாம் திறந்த மண்ணுக்கு விடை கூறுவாராக!