கண்ணாடி எழுத்தும் கட்டை ஸ்கேலும்

ஆம்புலன்ஸின் முகப்பில் பெயரை இடம் வலமாகத் திருப்பி எழுதியிருப்பார்கள். முன்னால் போகிற டிரைவரின் கண்ணாடியில் அது நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காக. ரோட்டோரம் நிற்கிற உங்கள் கையில் கண்ணாடி கிடையாது. ஆனாலும் தடுமாறாமல் படித்துவிடுகிறீர்கள்.

அதே நீங்கள், உங்கள் நாலரை வயதுப் பையன் 3 என்ற எண்ணைத் திருப்பிப் போட்டால் மட்டும் ஏன் குடியே முழுகிப்போன மாதிரி பதறுகிறீர்கள்?

டைரியில் சிவப்பு மையில் 'கவனம் போதாது' என்று வருகிறது. டீச்சரைப் பார்க்கப் போனால், "மத்த பசங்கல்லாம் கரெக்டா எழுதறாங்களே சார்!" என்கிறார். வீட்டுக்கு வந்ததும் நூறு தடவை இம்போசிஷன். சில இடங்களில் விரல் முட்டியில் ஸ்கேல். எல்.கே.ஜி. குழந்தைக்கு!

குழந்தை என்ன குற்றம் செய்தது என்று பார்ப்போமா?

புலி இடமிருந்து வந்தாலும் வலமிருந்து வந்தாலும் புலிதான். அதை உடனே தெரிந்துகொண்டவன்தான் பிழைத்தான். பக்கம் மாறினாலும் பொருள் மாறாது என்பது நம் மூளை ரொம்ப காலமாகப் பழகிய பாடம். எழுத்தோ சில ஆயிரம் வருஷத்துச் சமாச்சாரம். படிப்பதற்கென்று தனி உறுப்பு எதுவும் நமக்கு முளைக்கவில்லை; முகத்தையும் பொருளையும் அடையாளம் காணும் பகுதிகளில் ஒரு துண்டைத்தான் எழுத்துக்கு ஒதுக்கிக்கொள்கிறோம் என்கிறார் பிரெஞ்சு நரம்பியல் ஆய்வாளர் ஸ்டனிஸ்லாஸ் தெஹான்.

கவிழ்த்து வைத்தாலும் டம்ளர் டம்ளர்தான். ஆனால் பால், பேட் எழுதுகிற ஆங்கிலச் சின்ன 'பி'யைத் திருப்பினால் அது டாக், டோர் எழுதுகிற சின்ன 'டி' ஆகிவிடும்! உலகத்தில் எதற்குமே இல்லாத விதியை எழுத்துக்கு மட்டும் போட்டது நாம். அதைப் பழகக் குழந்தைக்கு அவகாசம் தரமாட்டோமா?

இன்னொரு வேடிக்கை. குழந்தைகள் எல்லா எழுத்தையும் ஒரே அளவில் திருப்புவதில்லை. அதிகம் மாட்டுவது 3, ஆங்கில 'ஜே' மாதிரி இடப்பக்கம் பார்த்து நிற்பவைதான். ஆங்கில எழுத்துகளில் பெரும்பாலானவை வலப்பக்கம் பார்ப்பவை. அந்தப் பொதுவிதியை, யாரும் சொல்லித்தராமலே குழந்தை பிடித்துக்கொண்டு, விதிவிலக்குகளையும் அதே பக்கம் திருப்பிவிடுகிறது என்கிறார்கள் இதை ஆராய்ந்தவர்கள். நீங்கள் அடிப்பது கவனக்குறைவுக்காக அல்ல சாமி, கவனித்ததற்காக!

நம்மவர்களை வைத்தே ஓர் ஆய்வு உண்டு. எரிக் பெடர்சன் 2003-ல் வெளியிட்டது. ஓர் உருவத்தையும் அதன் கண்ணாடி பிம்பத்தையும் வேறு வேறு என்று பிரித்துப் பார்த்தவர்கள், பெரும்பாலும் தமிழோடு ஆங்கில எழுத்தும் தெரிந்தவர்கள். தமிழ் மட்டும் படித்தவர்கள், எழுத்தே தெரியாதவர்களைப் போல, இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைத் திருப்பினால் இன்னொன்றாகிவிடும் ஜோடி தமிழ் எழுத்தில் இல்லை. தேவைப்படாத வித்தையை யார் பழகுவார்கள்? இது புத்திசாலித்தனத்தின் அளவுகோலே இல்லை. பழக்கம், அவ்வளவுதான்.

பெரியவர்கள் இதையே செய்தால் திறமை! ஈய எழுத்துக் காலத்துக் கம்பாசிட்டர், இடவலம் மாறிய எழுத்தைத் தலைகீழாகக் கோத்து, மளமளவென்று படிப்பார். எதிரே இருக்கும் அதிகாரியின் மேஜையில் உள்ள காகிதத்தைத் தலைகீழாகப் படிக்கிறவனுக்கு எங்கள் தொழிலில் கெட்டிக்காரன் என்று பெயர். நான் படித்தது பி.காம். நீங்கள் பேங்கில் போட்ட பணம் பாஸ்புக்கில் கிரெடிட். உங்கள் சொந்தக் கணக்கிலோ டெபிட். அதுவும் கண்ணாடி பிம்பம்தான். முதல் வருஷத்தில் இதில் குழம்பாத மாணவன் அபூர்வம். பதினெட்டு வயசுக்காரனுக்கு உண்டு சலுகை, நாலு வயசுக்கு இல்லையா?

'அப்ப இது டிஸ்லெக்ஸியா இல்லையா?' என்று கேட்பீர்கள். 2007-ல் 'தாரே ஜமீன் பர்' வந்ததிலிருந்து, எழுத்தைத் திருப்பிப் போட்டாலே அந்த முத்திரையைக் குத்திவிடுகிறோம். ஐந்து, ஆறு வயதில் திருப்பி எழுதுவது சகஜம். டிஸ்லெக்ஸியாவின் மையம் பெரும்பாலும் எழுத்தையும் ஒலியையும் பொருத்துவதில் உள்ள சிரமம். எழுத்தை நேராகவே போட்டுவிட்டு, படிக்கத் திணறுகிற குழந்தையும் உண்டு. அதை யாரும் கவனிப்பதில்லை, நோட்டு அழகாக இருக்கிறதே! படிப்பதில் திணறல் தொடர்ந்தால், எழுத்து எந்தப் பக்கம் பார்த்தாலும் சரி, நிபுணரிடம் காட்டுங்கள். ஸ்கேலிடம் காட்டாதீர்கள்.

மற்றபடி ஒரு தட்டில் மணலைப் பரப்புங்கள். விரலைப் பிடித்து, எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போவது என்று எழுதிக் காட்டுங்கள். ஏழெட்டு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு 3 தானாகவே திரும்பிக்கொள்ளும். அதற்குள் நீங்கள் போட்ட அடியில் பயந்துபோய் படிப்பை விட்டே குழந்தை திரும்பிக்கொண்டால், அதை நேராக்க எந்தக் கண்ணாடியும் கிடையாது.