எந்த டப்பாவா இருந்தா என்ன?

வீட்டிலேயே வண்டிக்கு ஆயில் மாத்துறது எப்படின்னு நம்ம ஆளுங்க எழுதுற பதிவுகளை ஒண்ணு விடாம படிக்கிறவன் நான். எந்த கிரேடு ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருதரம், போல்ட்டை எவ்வளவு இறுக்கணும்னு பத்தி பத்தியா பிரிச்சு மேய்வாங்க. கடைசியில ஒரே ஒரு வரி வரும்: "பழைய ஆயிலை ஏதாவது ஒரு டப்பாவில் பிடித்துக் கொள்ளவும்." சுபம். பின்னூட்டத்துல பத்து பேர் "உபயோகமான பதிவு, நன்றி நண்பரே".

அந்த "ஏதாவது ஒரு டப்பா" மேலதான் என் கோபம் மக்களே. ஆட்டோ வரப்போகுதுன்னு தெரிஞ்சும் எழுதுறேன் :-)

என் கதையை முதல்ல சொல்லிடறேன். 2017 ஜனவரியில எண்ணூர் பக்கம் ரெண்டு கப்பல் மோதி கடல்ல எண்ணெய் கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா? பக்கெட் பக்கெட்டா ஆளுங்க அள்ளின படத்தைப் பார்த்து நாம எல்லாரும் பொங்கினோம். நானும்தான். அதே வருஷம் ஐப்பசியில என் பைக்குக்கு ஆயில் மாத்தினேன். துணி ஊறவைக்கிற பழைய பிளாஸ்டிக் பேசின்ல பிடிச்சேன். ஒரு லிட்டர்கூட இருக்காது. மூடி கிடையாது, தூக்கிட்டுப் போகவும் வழியில்லை. சரி, காலையில பார்த்துக்கலாம்னு வாசல் ஓரமா தள்ளி வெச்சுட்டு தூங்கிட்டேன்.

ராத்திரி கொட்டு கொட்டுன்னு மழை. எண்ணெய் தண்ணியை விட லேசு. பேசின் ரொம்பினா முதல்ல வெளிய வழியிறது தண்ணி இல்லை, எண்ணெய். காலையில பார்த்தா பேசின்ல சுத்தமா மழைத்தண்ணி நிக்குது. ஆயில் எங்க? வாசல் சரிவுல ஓடி, நேரா மழைநீர் சேகரிப்புக் குழிக்குள்ள. 2003-ல தமிழ்நாடு முழுக்க கட்டாயமாக்கினாங்களே, அப்போ அப்பா பக்கத்துல நின்னு வெட்ட வெச்ச குழி. அதுல இறங்குற தண்ணிதான் எங்க போருக்கும், பக்கத்து வீட்டு போருக்கும் போகுது.

அப்பா ஒரு வார்த்தை திட்டலை. மம்மட்டியை எடுத்துட்டு வந்து என் கையில கொடுத்தார். மேல இருந்த ஜல்லி, மணல் எல்லாத்தையும் வாரி மூட்டை கட்டினோம். ஆறு மூட்டை. குப்பை வண்டிக்காரர் வாங்க மாட்டேன்னுட்டார். இன்னிக்கும் படிக்கட்டுக்கு அடியில கிடக்கு. எவ்வளவு ஆயில் கீழ இறங்கிச்சுன்னு யாருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டு அக்கா கிட்ட விஷயத்தைச் சொல்லி, கொஞ்ச நாள் போர் தண்ணியை வாயில வைக்காதீங்கன்னு சொன்னப்போ என் மூஞ்சியை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியலை.

ஒரு தடவை கார் ஆயில் மாத்தினா வர்ற பழைய எண்ணெய், பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணியைக் கெடுத்துடும்னு அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லுது. கிட்டத்தட்ட 38 லட்சம் லிட்டர். நம்ம ஊர்லயும் பழைய ஆயில் 2016 விதிகள்படி அபாயக் கழிவுதான். எஞ்சின்ல தேய்ஞ்ச உலோகம், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய கரிச் சேர்மங்கள் எல்லாம் அதுக்குள்ள இருக்கு.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். நீங்க எந்தப் பாத்திரத்தை எடுக்கறீங்களோ, அங்கயே அந்த ஆயிலோட தலையெழுத்து முடிவாயிடுது. மூடி இல்லாத பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு யாரும் பஸ்ஸுல ஏற முடியாது. அதனால அது சாக்கடைக்குத்தான் போகும். மனசாட்சியெல்லாம் அப்புறம் மக்களே, மூடிதான் முதல்ல.

நம்ம ஆளுங்க எடுக்கிற டப்பாக்களைப் பார்ப்போம்.

தண்ணி பாட்டில்: ரொம்ப மோசம். சூடான ஆயில் பட்டா அந்த மெல்லிசு பிளாஸ்டிக் இளகி சுருங்கிடும். அதைவிட, கருப்பா குளிர்பானம் மாதிரி ஒண்ணு பாட்டில்ல நின்னா வீட்டுக் குழந்தை என்ன பண்ணும்னு யோசிங்க.

பினாயில், ஆசிட், பிளீச்சிங் கேன்: அடியில ஒட்டியிருக்கிறது ஆயிலோட கலந்தா மறுசுத்திகரிப்புக்கு உதவாது. நீங்க ஊத்தற இடத்துல இருக்கிற மொத்த பேரலும் கெட்டுப் போகலாம்.

பெயிண்ட் டப்பா: உள்ள தின்னர் மிச்சம் இருந்தா அதே கதைதான்.

சமையல் பாத்திரம்: கழுவிட்டுத் திரும்ப அடுப்படிக்கே போகும். அம்மா கிட்ட வாங்கிக் கட்டிக்கிறது தனி.

சரி, எதுலதான் பிடிக்கிறது? அஞ்சு லிட்டர் கெட்டி பிளாஸ்டிக் கேன் ஒண்ணு, அடியில முக்கோணத்துக்குள்ள 2-ன்னு போட்டது. சமையல் எண்ணெய் வந்த கேனா இருந்தா நல்லா கழுவி ஈரம் போகக் காய வைங்க. படுக்க வெச்சு, மேல் பக்கத்தை மட்டும் பெரிய ஜன்னல் மாதிரி வெட்டுங்க. மூடி இறுக்கமா இருக்கட்டும். இதுதான் உங்க தட்டு. எஞ்சினை ரெண்டு நிமிஷம் ஓட்டி வெதுவெதுப்பாக்கி, கையுறை போட்டுக்கிட்டு போல்ட்டைக் கழட்டுங்க. முதல் வீச்சு கொஞ்சம் தள்ளித்தான் விழும், அதனால கேனை நேர் கீழ வைக்காம வீச்சு வர்ற பக்கமா நகர்த்தி வைங்க. வடிஞ்சதும் போல்ட்டை மாட்டி புது ஆயிலை ஊத்திடுங்க. இப்போ புது ஆயில் டப்பா காலி. வெட்டின கேனோட வாயை அது மேல வெச்சு மூடியைத் திறந்தா, கேனே புனல். பழசு முழுக்க டப்பாவுக்குள்ள. மூடியை இறுக்கி, லேபிளைக் கிழிச்சு, "வேஸ்ட் ஆயில்"னு மார்க்கர்ல பெரிசா எழுதுங்க. லேபிளோட தூக்கிப் போட்டா போலி ஆயில்காரனுக்கு நீங்களே டப்பா சப்ளை பண்ற மாதிரி.

மொத்தச் செலவு பூஜ்யம் அண்ணாச்சி. ஒரு மூடி, அவ்வளவுதான்.

"மெக்கானிக் மட்டும் என்ன ஒழுங்கா?"ன்னு ஒருத்தர் கட்டாயம் கேட்பார். எல்லாரும் ஒழுங்குன்னு நான் சொல்லலை. ஆனா பழைய ஆயிலுக்கு விலை இருக்கு. பேரல்ல சேர்த்து வெச்சு விக்கிற பட்டறைகள் இருக்கு. யாருக்கு விக்கறீங்கன்னு கேளுங்க. அடுப்பெரிக்கத்தான்னு பதில் வந்தா அடுத்த பட்டறை. 2023-ல விதியைத் திருத்தி, 2024 ஏப்ரல்லருந்து ஆயில் தயாரிக்கிறவங்களுக்கே பழசை மறுசுழற்சி பண்ணவைக்கிற பொறுப்பைக் கொடுத்திருக்காங்க. நல்ல விஷயம். ஆனா என் வாசல் பேசினுக்கு எந்தக் கம்பெனியும் வந்து மூடி போடாது.

"கரையானுக்கு அடிப்பேன், சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவேன்"னு சொல்றவங்களுக்கு: மழை பெய்ஞ்சா அதுவும் மண்ணுக்குத்தான் போகும். என் பேசினுக்கும் அதுக்கும் கொஞ்ச நாள்தான் வித்தியாசம்.

அடுத்த தடவை "ஆயில் மாத்துறது எப்படி"ன்னு எழுதுற புண்ணியவான்களே, அந்த ஒரு வரியை மட்டும் மாத்தி எழுதுங்க. "மூடி உள்ள டப்பா"ன்னு. நம்பாதவங்க எங்க வீட்டுக்கு வாங்க, ஆறு மூட்டையையும் காட்டறேன்.