கயிற்றின் மறுமுனை

சென்ற மாதம் மாதுங்காவில் நம் பகுதி இளைஞர் சிலர் கூடிய ஒரு சிறு கூட்டத்திற்கு நானும் போயிருந்தேன். மழைக்காலத்தில் தாராவிக்கும் கிங்ஸ் சர்க்கிளுக்கும் உதவும்படி, நிலத்திலும் நீரிலும் செல்லக்கூடிய சிறு வண்டி ஒன்றைப் பொதுப்பணத்தில் வாங்குவது என்று அங்கே முடிவாயிற்று. யாரோ ஓட்டிக் கழித்த வண்டிதான், எட்டுச் சக்கரங்கள், அடிப்பாகம் தோணி போன்றது. வண்டியைப் பற்றி எவரும் சண்டையிடவில்லை. சண்டை எழுந்தது அதன் விஞ்சைப் பற்றி.

விஞ்சு என்பது வண்டியின் மூக்கில் பொருத்தும் மின்சார உருளை. சேற்றில் வண்டி புதைந்துவிட்டால், கயிற்றின் நுனியை எட்டத்தில் உள்ள ஒன்றில் கட்டிவிட்டு விசையை அழுத்த வேண்டும். உருளை கயிற்றைச் சுருட்டும். வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு கரையேறும். "12,000 பவுண்டு விஞ்சே வாங்குவோம், பெரிதாக இருந்தால் பின்னால் வருத்தமில்லை" என்றார் நண்பர் ஒருவர். கைதட்டல் எழுந்தது. (பவுண்டு என்றால் நம் பாட்டிமார் சொல்லும் ராத்தல்தான்.) நான் மறுத்தேன். "பௌதிகம் படிப்பவன் எதற்கும் மறுப்புச் சொல்வான்" என்று சிரித்தார்கள். மறுப்புக்குரிய காரணத்தை நம் சங்க இதழில் எழுதுகிறேன் என்று சொல்லி வந்தேன்.

இது விளையாட்டு வண்டிப் பேச்சன்று. 2005 சூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு கரை கடந்தது. எனக்கு அப்போது வயது இரண்டு. பரண்மேல் என்னை ஏற்றி வைத்துவிட்டு, இடுப்பளவு நீரில் இரவெல்லாம் நின்றதாக அம்மா சொல்வார். ஏதேனும் ஒரு வண்டி வராதா என்று அன்று காத்திருந்தவர்களின் பிள்ளைகள்தாம் இன்று வண்டி வாங்கப் புறப்பட்டிருக்கிறோம். ஆகவே கணக்கில் பிழை இருக்கக் கூடாது.

அந்த 12,000 எங்கிருந்து வந்தது? நம் நண்பர் அதைக் கற்பனையில் எடுக்கவில்லை. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பஞ்சாபில் வெள்ளம் வந்தபோது, அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமங்களில் நம் இராணுவம் ஏட்டர் என்-1200 என்ற வண்டியை இறக்கிய படங்களை எல்லோரும் பார்த்தோம். ஆள் உயரச் சக்கரங்களோடு நீரில் மிதந்து வந்த அந்த வண்டியின் எடை ஏறத்தாழ 2,400 கிலோ, அது சுமப்பது 1,200 கிலோ, கூட்டினால் 3,600. நிறைசுமையைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கும் விஞ்சு வேண்டும் என்பது தொழிலாளர் வழக்கில் உள்ள கணக்கு. 3,600-இன் ஒன்றரை மடங்கு 5,400 கிலோ. அதாவது, ஏறத்தாழ 12,000 பவுண்டு. அந்த வண்டிக்கு அது சரியான கணக்கே.

நம் வண்டியோ ஆளும் சாமானும் ஏறிய பிறகும் 1,000 கிலோவைத் தாண்டாது. அதே கணக்கின்படி 1,500 கிலோ. 3,500 பவுண்டு விஞ்சு போதும். ஆனால் இதையும் நான் அப்படியே ஏற்கவில்லை. ஒன்றரை மடங்கு என்பது பொதுக்கணக்கு. நம் சேறு பொதுச்சேறன்று. படைகளின் மீட்புப் பணியில் வேறொரு கணக்கு வழங்குகிறது. சக்கரத்தின் அச்சு வரை புதைந்த வண்டியை அசைக்க அதன் எடையளவு விசை வேண்டும். அதற்கு மேல் மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு. அதையும் தாண்டினால் மூன்று மடங்கு. டிராம்பேக் கழிமுகத்துச் சேற்றைக் காலால் மிதித்தவர்கள் இரண்டு மடங்கு என்பதை மிகை என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே 2,000 கிலோ. கடையில் கிடைப்பது 4,500 பவுண்டு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. விஞ்சின்மேல் எழுதியிருக்கும் எண், உருளையில் முதல் சுற்றடுக்கு மட்டும் இருக்கும்போது கிடைக்கும் இழுவை. கயிறு அடுக்கடுக்காகச் சுருளச் சுருள உருளை தடித்துக்கொண்டே போகும். திருப்புவிசை மாறாதிருக்க, ஆரம் கூடுவதால் இழுவை குறையும். மேலடுக்கில் எழுதிய எண்ணின் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே பெரிது. பத்தடி தூரத்தில் உள்ள கம்பத்தில் கட்டி இழுப்பவன், தான் வாங்கிய விஞ்சில் ஒரு பங்கைக் கடையிலேயே விட்டுவந்தவனாகிறான்.

அப்படியானால் பெரியதே வாங்கலாமே என்பீர்கள். தரையில் மட்டும் ஓடும் ஜீப்பாக இருந்தால் நானும் கை தூக்கியிருப்பேன். இது மிதக்க வேண்டிய வண்டி. எஃகுக் கயிற்றோடு கூடிய 12,000 பவுண்டு விஞ்சு 40 கிலோவை நெருங்கும். சிறியது அதில் பாதிக்கும் குறைவு. மிச்சமுள்ள இருபத்து சொச்சம் கிலோ என்பது ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்றின் எடை. அந்தப் பிள்ளையை இறக்கிவிட்டு அந்த இடத்தில் இரும்பை ஏற்றுகிறோம். அதுவும் மூக்கில், தோணி முதலில் நீர் குடிக்கும் இடத்தில். மேலும், பெரிய விஞ்சு முழுச்சுமையில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 400 ஆம்பியர் வரை உறிஞ்சும். அடியில் கசியும் நீரை வெளியேற்றும் பம்பும் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது. கயிறு வேண்டுமா, பம்பு வேண்டுமா என்று வெள்ளத்தின் நடுவில் தேர்வெழுதும் நிலை நமக்கு வேண்டாம்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, செம்பூரில் இருக்கும் என் சித்தப்பாவிடம் காட்டினேன். நெடுஞ்சாலையில் கவிழ்ந்த லாரிகளைத் தூக்கும் கிரேன் வண்டியில் இருபது ஆண்டு வேலை செய்தவர். தாளை முழுவதும் படித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. "கணக்கெல்லாம் சரிதாம்லே. கயித்தோட அந்த முனைய எதுல கட்டுவ?" என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. எம்.எஸ்ஸி. வகுப்பில் விசைகளை அம்புக்குறியாக வரைகிறோம். அம்பின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. நியூட்டனின் மூன்றாம் விதி சொல்வது இதைத்தான். வண்டியை அசைக்க 2,000 கிலோ விசை வேண்டுமானால், கயிற்றின் மறுமுனையும் 2,000 கிலோ தாங்க வேண்டும். விஞ்சு 4,500 ஆனாலும் 12,000 ஆனாலும் இதில் மாற்றமில்லை. பெரிய விஞ்சு செய்யக்கூடியது ஒன்று உண்டு: மறுமுனையில் உள்ளதைப் பிடுங்கி எறியும். ஒரு முறை அப்படி ஒரு மதில் சாய்ந்ததைச் சித்தப்பா கண்ணால் கண்டிருக்கிறார்.

அறுபது அடிச் சாலையிலும் தொண்ணூறு அடிச் சாலையிலும் நடந்து பாருங்கள். எதில் கட்டுவீர்கள்? ஒற்றைச் செங்கல் சுவரிலா? வெள்ளத்தில் நிற்கும் மின்கம்பத்திலா? கழிமுகத்திற்குப் போனால் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. அவற்றின் வேர்கள் சேற்றில் ஆழ இறங்குவன அல்ல, பரந்து கிடப்பன. இழுத்தால் மரம்தான் வரும். அம்மரங்களை அழிப்பது சட்டப்படியும் குற்றம். எங்கள் ஊரில் தாத்தா கமலை ஓட்டிய கிணற்றில் காளைகளைவிட, கப்பியைத் தாங்கிய தூண்களைத்தான் பெருமையாகக் காட்டுவார். சிறுவனாக இருந்தபோது எனக்கு அது விளங்கவில்லை.

ஆகவே என் கருத்து இது. 4,500 பவுண்டு விஞ்சு வாங்குவோம். எஃகுக் கயிறு வேண்டாம். உப்பு நீரில் துருப்பிடிக்கும், அறுந்தால் சவுக்குப்போல் வீசும். நீரில் மிதக்கும் செயற்கை நாரிழைக் கயிறு, இரட்டை நீளத்தில் இருக்கட்டும். அதை மணலில் உரசவிடாமலும் வெயிலில் கிடத்தாமலும் காக்க ஓர் ஆள் பொறுப்பேற்க வேண்டும். விலையில் மிச்சமாகும் பணத்தில் இரண்டு கப்பிகள் வாங்கலாம். மறுமுனையில் கப்பியைக் கட்டி, கயிற்றை அதன்வழி திருப்பி வண்டியிலேயே மாட்டினால், உராய்வுக்குக் கொஞ்சம் போக, இழுவை ஏறத்தாழ இரட்டிக்கும். வேகம் பாதியாகும், ஆகட்டும். கயிறு அதிகம் வெளியே போவதால் உருளையும் கீழடுக்கில் வேலை செய்யும். மூன்று மடங்குச் சேற்றுக்கும் அது போதும். பிறகு, சேற்றைக் கவ்வும் தட்டை நங்கூரங்கள் இரண்டு. சுமையை இரண்டுக்கும் பகிர்ந்து கட்டினால் ஒவ்வொன்றுக்கும் பாதியளவே வரும்.

வேண்டிய விசையையே குறைப்பதற்கும் வழி உண்டு. ஆட்களை இறக்கலாம், சக்கரக் காற்றைத் தளர்த்தலாம். கழிமுகத்தில் என்றால் கடலேற்றத்திற்குக் காத்திருக்கலாம். ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் நீர் ஏறி, வண்டி தானே மிதக்கும். பிரசவ வேதனையில் ஒருத்தி வண்டியில் இருந்தால் ஆறு மணி நேரம் எங்கே காத்திருப்பது என்று கேட்பீர்கள். அந்த நேரத்திற்காகத்தான் கப்பியும் நங்கூரமும் கேட்கிறேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தாராவியின் உட்சந்துகளுக்குள் இந்த வண்டி நுழையவே நுழையாது. சாலைவரைதான் அது வரும். அதற்குப் பின் தோளில்தான் தூக்கி வர வேண்டும். கூட்டத்தில் இதை ஒருவரும் பேசவில்லை.

வரும் ஞாயிறு மாலை மீண்டும் கூடுகிறோம். சித்தப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். 12,000-க்குக் கைதட்டிய நண்பர்கள், வரும் வழியில் தொண்ணூறு அடிச் சாலையில் இறங்கி, 5,000 கிலோ இழுத்தாலும் அசையாத ஒரு பொருளைப் பார்த்து வைத்துக்கொண்டு வருவார்களாக. கிடைத்துவிட்டால் என் வாக்கை அவர்களுக்கே அளிக்கிறேன்.