மயக்க மருந்தும் மூளையின் பாதுகாப்பும்

வில்லியனூரிலிருந்தோ பாகூரிலிருந்தோ ஒரு மூதாட்டியை அறுவை சிகிச்சைக்காகக் கோரிமேடு ஜிப்மருக்கு அழைத்துச் செல்லும்போது, "மயக்க மருந்தால் மூளை மழுங்கிவிடாதா?" என்னும் கவலையும் அக்குடும்பத்தாருடன் செல்வதுண்டு. நேயர்களே! இக்கவலைக்கு அறிவியல் கூறும் விடையைச் சற்று ஆராய்வோம்.

உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும் நாம் உட்கொள்ளும் பிராணவாயுவில் 20 விழுக்காட்டை அதுவே செலவிடுகிறது. அவ்வாறு செலவாகும்போது நிலையற்ற சில மூலக்கூறுகள் உண்டாகின்றன. திறந்து வைத்த எண்ணெய் நாளடைவில் காறிப்போவதைப் போன்று, இவை மூளை உயிரணுக்களின் கொழுப்புச் சவ்வைக் கெடுக்கின்றன. இதனையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பர். தடைப்பட்ட இரத்த ஓட்டம் மீளும் வேளையில் இத்தீங்கு மிகுதியாகும்.

இன்று பெரிதும் பயன்படும் மயக்க மருந்து புரோபபால். பால்போன்று வெண்மையான இதனை உருவாக்கிய ஸ்காட்லாந்து கால்நடை மருத்துவர் ஜான் கிளென் 2018ஆம் ஆண்டு லாஸ்கர் விருது பெற்றார். இதன் வேதியியல் அமைப்பு வைட்டமின் 'ஈ'யின் ஒரு பகுதியை ஒத்தது. எனவே அந்நிலையற்ற மூலக்கூறுகளுக்குத் தன்னிலிருந்து ஓர் ஹைட்ரஜன் அணுவை ஈந்து, அவற்றை இது அடக்க வல்லது. மூளையின் பிராணவாயுத் தேவையையும் இது குறைக்கிறது.

எனினும் இந்நற்பயன் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிடத்துமே தெளிவாகக் காணப்பட்டது. இதயம் நின்று மீண்டும் துடித்த நோயாளிகளுக்குத் தயோபென்டால் அளித்து நடத்திய ஆய்வு, 1986இல் எதிர்பார்த்த பயனைக் காட்டவில்லை. ஆகவே, மூளையைக் காக்கும் மருந்தென்று இவற்றைக் கொண்டாடுதலும் தகாது. மூளையைக் கெடுப்பதென்று அஞ்சுதலும் தகாது. ஒரு மணி நேரத்திற்குட்பட்ட மயக்கம் பெற்ற கைக்குழந்தைகளின் அறிவாற்றல் ஐந்து வயதில் குன்றவில்லை என 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வு தெரிவித்தது.

முதியோர் சிலருக்கு அறுவைக்குப் பின் சில நாள் மனக்குழப்பம் தோன்றலாம். அதனை உடனே மருத்துவரிடம் கூறல் வேண்டும். மூக்குக்கண்ணாடியை அணிவித்து, பழகிய முகங்கள் அருகிருந்து பேசுவதும் பேருதவியாம்.

மூளைக்கு உண்மையான பாதுகாப்பு, பிராணவாயு குறையாதிருத்தலே. மயக்கவியல் மருத்துவர் விரலில் மாட்டும் சிறு கருவியால் அதனை இடைவிடாது கண்காணிக்கிறார். நம் பங்கும் ஒன்றுண்டு. உண்ணும் மருந்துகள், நாட்டு மருந்து, புகைப் பழக்கம் ஆகியவற்றை அவரிடம் மறையாது கூறுங்கள். திட உணவை ஆறு மணி நேரத்திற்கு முன்னும், வெறும் நீரை இரண்டு மணி நேரத்திற்கு முன்னும் நிறுத்துவது பொதுவான விதி. மருத்துவர் வேறு கூறின் அதன்படி நடங்கள். "பசியோடு போகிறாளே" என்று இரக்கப்பட்டு ஊட்டும் ஒரு வாய்க் கஞ்சி, மயக்கத்தில் மேலெழுந்து நுரையீரலுள் புகுந்தால் பிராணவாயு தடைப்படும். மூளைக்கு அதனினும் பெரிய கேடில்லை.