ஆறு கால் நடை

இடுப்பு என்று ஓர் அவயவம் உண்டு என்பது, அது வலிக்கத் தொடங்குகிற வரையில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. நமது கவிராயர்கள் இடையைப் பற்றி ஏராளமாகப் பாடியிருக்கிறார்கள் என்பது வாஸ்தவந்தான். ஆனால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்வதற்காகவே பெரும்பாலும் பாடியிருக்கிறார்கள். அது இருக்கிறது என்பதை நிரூபிக்கும் பொறுப்பை டாக்டர்களுக்கு விட்டுவிட்டார்கள்.

சென்ற வருஷம் நமக்கு அந்த நிரூபணம் கிடைத்தது. இடுப்பு மூட்டு என்பது ஆட்டுக்கல்லையும் குழவியையும் போன்ற ஓர் ஏற்பாடு. தொடை எலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழி அதற்கு உரல். இந்தப் பந்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்கள் மிகவும் சன்னமானவை. அவை எக்காரணத்தாலோ அடைபட்டுப் போனால், பந்து உளுத்த கட்டையைப் போல உள்ளுக்குள்ளே இற்று விழுகிறது. முதியவர்களுக்குத்தான் இது வரும் என்று எண்ண வேண்டாம். முப்பதிலும் நாற்பதிலும் இருப்பவர்களுக்கும் வருகிறது. கரும்பலகைக்கும் மேஜைக்கும் இடையே இருபது வருஷம் நடந்த நாம், அந்தப் பத்தடி தூரத்தைக் கடக்க நாற்காலியின் முதுகைப் பிடித்துக் கொள்ள வேண்டியதாயிற்று. பழைய பந்தை எடுத்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும் என்று டாக்டர் தீர்ப்புச் சொன்னார். செங்கற்பட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ரண சிகிச்சை நடந்தது.

இந்தப் புதிய பந்தின் சரித்திரம் ருசிகரமானது. 1962-ல் அதை நிலைநாட்டியவர் ஜான் சார்ன்லி என்ற ஆங்கில வைத்தியர். இங்கிலாந்தில் லங்காஷயர் பிரதேசத்திலுள்ள ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் அவர் வேலை பார்த்தார். உலோகப் பந்துக்கு வழவழப்பான குழி வேண்டுமென்று முதலில் டெஃப்லான் என்ற பொருளை உபயோகித்தார். அது சில வருஷங்களிலேயே தேய்ந்து போயிற்று. தேய்ந்த துகள்கள் சதைக்குள் என்ன செய்கின்றன என்று அறிய, மனிதர் தமது தொடையிலேயே அதைச் செலுத்திப் பரீட்சித்தார்! பிறகு அவருக்கு உதவிய பொருள் ஒருவகைக் கெட்டியான பாலிதீன். நெசவாலை யந்திரங்களின் பற்சக்கரங்களுக்காக விற்கப்பட்டு வந்த சரக்கு அது. லங்காஷயர் ஆலைகள் நம் கைத்தறிக்காரர்களின் இடுப்பை ஒடித்த கதையைப் பள்ளிக்கூடத்தில் வருஷந்தோறும் சொல்லிக் கொடுக்கிறோம். அதே ஆலைகளுக்கென்று விற்கப்பட்ட பொருள் ஒன்று இன்று உலகமெங்கும் ஒடிந்த இடுப்புகளை நிமிர்த்தி வருகிறது. சரித்திரமும் சில சமயம் பாக்கியைத் தீர்க்கிறது.

ஆனால் நாம் எழுத வந்த விஷயம் பந்து அல்ல; அதற்கு அப்புறம் வருகிற நடை.

ரண சிகிச்சைக்கு மறுநாளே நோயாளியை எழுப்பி நிற்க வைக்கிறார்கள். இது கொடுமை என்று தோன்றும். உண்மையில் படுத்துக் கிடப்பதுதான் கொடுமை. படுக்கையோடு படுக்கையாகக் கிடப்பவர்களுக்குக் காலில் ரத்தம் உறைகிறது. மார்பில் சளி கட்டுகிறது. முதுகில் புண் வருகிறது. தொடை எலும்பின் கழுத்து முறிந்த கிழவர்களும் கிழவிகளும் மாண்டு போவது பெரும்பாலும் முறிவினால் அல்ல, படுக்கையினால். ஆகவே கையில் ஒரு வாக்கரைக் கொடுத்து, "நட" என்கிறார்கள். குழந்தைப் பருவத்தில் தள்ளிய நடைவண்டியின் பெரியண்ணா அது. வண்டிக்கு நாலு கால், நமக்கு இரண்டு. ஆக ஆறு கால். எறும்புக்கும் அத்தனைதான். ஆனால் எறும்பு நம்மைவிட வெகு வேகம்.

அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நம்மோடு ஆறு காலில் நடந்தவர்கள் மூவர். ஒருவர் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவிலுள்ள குப்பம் ஒன்றைச் சேர்ந்த மீனவர். படகைக் கரையேற்றும்போது விழுந்தவர். இரண்டாமவர் மாமல்லபுரத்துச் சிற்பி. மூன்றாவது, திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து வந்த எழுபது வயதுக் கிழவி. குளத்துப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, முறிந்த இடத்தில் செயற்கைப் பந்து வைக்கப்பட்டிருந்தாள்.

கிழவி எழுந்து நிற்க மறுத்துவிட்டாள். டாக்டர் சொன்னார், நர்ஸம்மா சொன்னாள், பிஸியோதெரபி டாக்டர் பெண் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "இனிமே எழுந்திரிச்சு எங்க போவப் போறேன்? உடுங்க, வூட்டுக்கே போயிட்றேன்" என்பதே பதில். மகனும் வண்டி பேசி வைத்துவிட்டான். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் அடுத்த மழைக்காலத்தை அவள் பார்க்கமாட்டாள் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மீனவர் ஒன்றும் உபதேசம் செய்யவில்லை. காலையில் வாக்கரைத் தட்டிக்கொண்டு பெண்கள் வார்டு வாசலுக்குப் போய் நின்றார்.

"ஆயா, நான் இன்னிக்கு ஜன்னலாண்ட வரைக்கும் போயிட்டு வந்தேன்."

"போனா போ, எனக்கென்ன?"

சாயங்காலம் மறுபடியும் போனார். "ஆயா, மாடிப்படியாண்ட வரைக்கும் போனேன்."

கிழவி சற்று நேரம் அவரைப் பார்த்தாள். "வலிக்குதா நைனா?" என்று கேட்டாள்.

"வலிக்குது ஆயா. ஆனா நேத்து மாதிரி வலிக்கல."

மறுநாள் காலை கிழவி கட்டிலின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நண்பகலில் நின்றாள். அன்று பிற்பகல் மகனிடம், வண்டியைத் திருப்பி அனுப்பிவிடச் சொன்னாள்.

நேயர்கள் அந்தப் பதிலைக் கவனிக்க வேண்டும். "வலிக்காது" என்று டாக்டர் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவர் இடுப்பு நன்றாயிருக்கிறது. "பொறுத்துக்கொள்" என்று உறவினர் சொன்னால் கோபந்தான் வருகிறது. "வலிக்கிறது, ஆனால் நேற்றுப் போல் இல்லை" என்று சொல்லும் உரிமை உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. நமக்கு இரண்டு நாள் முன்னால் அதே பாதையில் நடந்தவர்தான் அவர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இது புதிய பாடமல்ல. நாம் மூன்று தடவை சொல்லியும் விளங்காத கணக்கு, பக்கத்துப் பெஞ்சுப் பையன் ஒரு தடவை சொன்னதும் விளங்கிவிடுகிறதல்லவா?

சிற்பியின் கவலை வேறு. இந்த ரண சிகிச்சைக்குப் பின்பு சில மாதங்களுக்குச் சப்பணமிட்டு உட்காரக்கூடாது, குந்தக்கூடாது, இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கக்கூடாது, காலை உள்பக்கம் திருப்பக்கூடாது. மீறினால் பந்து குழியைவிட்டு நழுவிவிடும். மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பற்றி நாமெல்லாரும் பெருமைப்பட்டோம். அந்தச் சிற்பங்களைச் செய்கிறவர்கள் காலை மடித்துத் தரையில் உட்கார்ந்து நாள் முழுதும் உளி பிடிக்கிறார்கள் என்பதை யோசித்தோமா? "கை இருக்குது, கண்ணு இருக்குது, உட்கார முடியலேன்னா தொழில் போச்சுங்க வாத்தியாரே" என்று அவர் இரவில் தூங்காமல் சொல்வார்.

அதற்கும் மீனவரே வழி சொன்னார். "வாத்தியார் ஐயா என்ன பலகையைத் தரையில போட்டா எழுதுறாரு? நிக்க வெச்சுதானே எழுதுறாரு? கல்லையும் தூக்கி மேடையில வையிண்ணே. நீ ஒசரமா முக்காலி போட்டு உட்காரு" என்றார். சிற்பி பேசாமலிருந்தார். பிறகு நமது நோட்டுப் புஸ்தகத்தில் ஒரு காகிதம் கிழித்து வாங்கி, மேடைக்கும் முக்காலிக்கும் அளவு போட ஆரம்பித்தார். அன்று இரவு அவர் குறட்டையினால் நமக்குத் தூக்கம் கெட்டது.

கூட்டாளிகள் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நாம் வாதிக்கவில்லை. ஓர் அன்பர் எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிட்டால் ஒரு வாரத்தில் ஓடலாம் என்று யோசனை சொன்னார். புதுப் பந்து வைத்த இடுப்பை உருவினால் ஓட வேண்டியது மறுபடியும் ஆஸ்பத்திரிக்குத்தான். அளவு சொல்ல வேண்டியவர் டாக்டர். தைரியம் சொல்ல வேண்டியவர் சக நோயாளி. இருவரும் தத்தம் காரியத்தைச் செய்தால் நோயாளி பிழைப்பான்.

இதே கடற்கரையில் இதே உண்மையை அயல்நாட்டாரும் கண்டிருக்கிறார்கள். பந்தை முழுதும் வெட்டி எடுக்காமல், அதன்மேல் உலோகத் தொப்பி கவிழ்க்கும் முறை ஒன்று உண்டு. பர்மிங்ஹாம் நகரத்து டாக்டர் டெரெக் மக்மின் உருவாக்கிய அந்தச் சாதனம் 1997-ல் வழக்கத்துக்கு வந்தது. அமெரிக்க அரசாங்கம் 2006-ல்தான் அதற்கு அநுமதி அளித்தது. அதற்கு முன்பே சென்னையில் டாக்டர் விஜய் போஸ் அதைச் செய்து வந்ததால், அமெரிக்கர்கள் கடல் கடந்து வந்தார்கள். 2005-ல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி இந்த அதிசயத்தைப் படம் பிடித்துக் காட்டியது. அப்படி வந்தவர்களில் சிலர் ரண சிகிச்சைக்குப் பின் கோவளம் கடற்கரை விடுதிகளில் தங்கி, அலையோசை கேட்டுக்கொண்டு நடை பழகினார்கள். முன்னால் வந்து போனவர்கள் பின்னால் வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்லி அனுப்பினார்கள். (உலோகத்தோடு உலோகம் உராயும் சாதனங்கள் எல்லாம் நிலைக்கவில்லை, ஒரு கம்பெனியின் சரக்கு 2010-ல் உலகமெங்குமிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆகையால் யாருக்கு எது பொருந்தும் என்பதை டாக்டரிடமே விட வேண்டும்.) டாலர் கொடுத்தவர்களுக்குக் கடற்காற்றும் கிடைத்தது, கூட்டாளிகளும் கிடைத்தார்கள். கடற்காற்றை எல்லோருக்கும் கொடுக்க முடியாது. கூட்டாளியைக் கொடுக்க முடியுமல்லவா?

செங்கற்பட்டுக்கு இதில் பழைய உரிமையும் உண்டு. 1947-ல் டாக்டர் பால் பிராண்ட், டாக்டர் காக்ரேனுடன் திருமணி குஷ்டரோக வைத்தியசாலையைப் பார்க்க வந்தார். மடங்கிப்போன விரல்களிலும் பலம் இருப்பதை அங்கே கண்டார். அந்தக் காட்சிதான் வேலூரில் அவர் செய்த புகழ்பெற்ற கை ரண சிகிச்சைகளுக்கு விதையாயிற்று. கையைச் சரி செய்தால் மட்டும் போதாது, அந்தக் கையால் பிழைக்கவும் கற்க வேண்டும் என்று கண்டு, வேலூரில் அவர்கள் ஒன்றாக வசித்துத் தொழில் பழக நவஜீவ நிலையம் ஒன்றையும் ஏற்படுத்தினார்.

இன்று நமது ராஜ்யத்தில் வசதிகள் பெருகியிருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடுப்பு மூட்டு மாற்றும் சிகிச்சையும் அடங்கியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடை பழக்குகிறவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் திட்டமும் அதே வருஷம் டிசம்பரில் இந்த ஜில்லாவின் மேல்மருவத்தூரிலேதான் ஆரம்பமாயிற்று. இவையெல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும், ஆறு கால் மனிதர்கள் தனித் தனியாகப் பிரிந்து விடுகிறார்கள். அப்போதுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பிக்கிறது.

ஏனென்றால் நமது வீடு என்பதே தரையில் கட்டியது. சாப்பாடு தரையில், படுக்கை தரையில், அரிவாள்மணை தரையில், கோலம் தரையில், கழிப்பிடமோ தரையோடு தரை. புருஷர்களாவது நாற்காலி கேட்டு அதிகாரம் செய்வார்கள். வீட்டுப் பெண்கள் பத்தாம் நாளே, யாரும் பார்க்காதபோது குனிந்து விளக்குமாற்றை எடுத்துவிடுகிறார்கள். "நான் அப்படித்தான் செய்தேன், அகப்பட்டுக் கொண்டேன், நீ செய்யாதே" என்று சொல்ல, அனுபவப்பட்ட இன்னொரு பெண் பக்கத்தில் இல்லை.

ஆகவே நேயர்களுக்கு இரண்டொரு விண்ணப்பம். வீட்டில் யாருக்கேனும் இந்தச் சிகிச்சை நடந்தால், உயரமான நாற்காலி ஒன்றும் உயரமான கழிப்பிட ஆசனம் ஒன்றும் முன்கூட்டியே தயார் செய்யுங்கள். வழுக்கும் கால்மிதியை எடுத்துவிடுங்கள். கைத்தடியை நோயுள்ள பக்கத்தில் அல்ல, எதிர்ப்பக்கத்துக் கையில் கொடுங்கள். பாரம் அப்போதுதான் பகிர்ந்து போகும். படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நொந்த கால் முன்னே. மூன்றாம் வகுப்புப் பையன்கூட இதை மனப்பாடம் செய்து பாட்டிக்குச் சொல்லலாம்.

உங்களில் யாராவது ஏற்கெனவே இந்தப் பாதையில் நடந்து முடித்தவரானால், உங்கள் தெருவிலோ பக்கத்து ஊரிலோ புதிதாக ஆறு காலில் நிற்பவரைத் தேடிப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போக வேண்டியதில்லை. அவர் முன்னால் நாற்காலியிலிருந்து எழுந்து, நாலடி நடந்து காட்டி, மறுபடியும் உட்கார்ந்தால் போதும். அவருக்கு அதைவிடப் பெரிய மருந்து எந்தக் கடையிலும் கிடைக்காது.