பசிபிக் தீவுகளின் கடல் எல்லை: உதவியா, உரிமையா?

கோலார் தங்கவயலில் மலைகளைப் போல் உயர்ந்து நிற்கும் 13 சயனைடு மண் மேடுகளில் ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம் டன் கழிவு மண் குவிந்து கிடக்கிறது. காற்று பலமாக வீசும் நாட்களில் அந்தத் தூசு தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் புகுகிறது. இதே மண்ணிலிருந்து 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி லண்டன் பங்குதாரர்களின் இலாபமாயிற்று. கழிவும், நுரையீரல் நோயும், வேலை தேடி நாள்தோறும் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறும் இளைஞர் கூட்டமும் தங்கவயலுக்கு மிஞ்சின.

இவ்வூருக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் உள்ள தொடர்பு பலரும் அறியாதது. இங்கு சுரங்கத் தொழிலுக்கு வழிவகுத்த மைக்கேல் லவெல் என்னும் ஐரிஷ்காரர், நியூசிலாந்தில் மாவோரி மக்களின் நிலத்தைப் பறிக்கப் பிரிட்டன் நடத்திய போரில் பங்கேற்ற படைவீரர். பின்னர் பெங்களூரில் குடியேறிய அவர், 1873இல் மைசூர் அரசிடம் விண்ணப்பித்து, 1875இல் சுரங்க உரிமம் பெற்றார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் களத்தில் இறங்கியது. மாவோரிகளின் நிலத்தையும் கோலாரின் பாறையையும் ஒரே ஏகாதிபத்தியம்தான் அளந்து பங்கிட்டது. ஆகவே, பசிபிக் தீவு நாடுகளின் கடல் எல்லை குறித்து இன்று நடைபெறும் விவாதத்தில் தங்கவயல் தொழிலாளியின் அனுபவத்துக்கு இடமுண்டு.

பசிபிக் தீவு நாடுகள் தம் கடல் எல்லைகளை வரையறுத்து ஐ.நா.விடம் ஆவணமாக ஒப்படைக்கும் பணி பல ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. தாழ்ந்த அலைக்கோட்டைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு துல்லியமாகக் குறிப்பதும், அதிலிருந்து 200 கடல் மைல் தொலைவைக் கணக்கிடுவதும், அண்டை நாட்டின் மண்டலத்தோடு மேற்பொருந்தும் இடங்களில் ஒப்பந்தம் காண்பதும் இப்பணியில் அடங்கும். பசிபிக் சமூகம் என்னும் வட்டார அமைப்புடன் ஆஸ்திரேலிய அரசின் நிலவியல் நிறுவனமும் காமன்வெல்த் செயலகமும் இதில் தொழில்நுட்ப உதவி செய்கின்றன. முதலாளித்துவ ஊடகங்கள் இதனை வளர்ந்த நாடுகளின் பெருந்தன்மையாகச் சித்தரிக்கின்றன. ஏழைத் தீவுவாசிகளுக்குக் கோடு வரையத் தெரியவில்லை, வெள்ளை அறிவியலாளர் கைகொடுத்தார் என்பதே அவற்றின் கதைச் சுருக்கம். இச்சித்திரம் வரலாற்றைத் தலைகீழாக்குகிறது.

எல்லையை வென்றவர்கள் யார்?

கடலில் மூன்று மைலுக்கு அப்பால் எவருக்கும் உரிமையில்லை என்பதே நெடுங்காலம் பெருவல்லரசுகளின் கொள்கையாக இருந்தது. 'கடல் சுதந்திரம்' என்று அதற்குப் பெயர். பெரிய கப்பலும் பெரிய வலையும் உடையவனுக்கே அச்சுதந்திரம் பயன்பட்டது. 1952இல் சிலி, பெரு, ஈக்வடார் ஆகிய நாடுகள் சாண்டியாகோ பிரகடனத்தின் வழியே 200 கடல் மைல் உரிமையைக் கோரின. காலனி ஆதிக்கத்திலிருந்து விடுபட்ட ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் அக்கோரிக்கையை வலுப்படுத்தின. அதன் விளைவாக, 1982 டிசம்பர் 10 அன்று ஜமைக்காவில் கையெழுத்தான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் 200 கடல் மைல் அளவுள்ள பிரத்யேகப் பொருளாதார மண்டலம் ஏற்கப்பட்டது. அதே நாளில் அவ்வுடன்படிக்கையை உலகில் முதன்முதலாக உறுதி செய்த நாடு பிஜி. கோடு வரையத் தெரியாதவர்கள் என்று இகழப்படும் பசிபிக் தீவுகளில் அதுவும் ஒன்று.

அமெரிக்கா இன்றுவரை அவ்வுடன்படிக்கையை உறுதி செய்யவில்லை. ஆனால் 1983இல் தனக்கென 200 மைல் மண்டலத்தை அறிவித்துக்கொள்ளத் தயங்கவில்லை. சூரை மீன் இடம்விட்டு இடம் பெயர்வது, ஆதலால் கரையோர நாட்டுக்கு அதில் உரிமையில்லை என்றும் அது வாதிட்டது. 1984இல் தன் கடலில் அனுமதியின்றி மீன்பிடித்த ஒரு அமெரிக்கக் கப்பலைச் சாலமன் தீவுகள் கைப்பற்றியது. உடனே அச்சிறிய நாட்டின் மீன் இறக்குமதிக்கு அமெரிக்கா தடை விதித்தது. தீவு நாடுகள் பணியவில்லை. 1987இல் அமெரிக்கா அவற்றோடு மீன்பிடி ஒப்பந்தம் செய்துகொள்ள நேர்ந்தது. சூரை வளமிக்க நாடுகள் பல 1982இலேயே நவ்ரு உடன்பாட்டின் கீழ் ஒன்றிணைந்திருந்தன. அந்நிய மீன்பிடிக் கப்பல்கள் நாள் கணக்கில் கட்டணம் செலுத்தும் முறையைப் பின்னாளில் அவை நடைமுறைப்படுத்தின. தனித்தனியே பேரம் பேசியபோது கிடைத்ததைவிடப் பன்மடங்கு வருவாயை அவை பெற்றன. தனித்து நின்றால் கூலி குறையும், சேர்ந்து நின்றால் உயரும் என்பதைத் தொழிற்சங்கத் தோழர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

கடல் உயர்ந்தால் உரிமை சுருங்குமா?

கிரிபாட்டி நாட்டின் நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர். அதன் கடல் மண்டலமோ இந்தியாவின் நிலப்பரப்பைவிடப் பெரிது. துவாலுவின் நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர் மட்டுமே. இந்நாடுகளின் தீவுகள் பல, கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே கொண்டவை. புவி வெப்பத்தால் கடல் உயர்ந்து கரை பின்வாங்கினால், கரையிலிருந்து அளக்கப்படும் எல்லையும் பின்வாங்கும் என்று சட்ட நிபுணர்கள் சிலர் வாதிட்டு வந்தனர். இவ்வாதத்தின் பொருள் என்ன? கரியமில வாயுவை உமிழ்ந்து கடலை உயரச் செய்தவை தொழில்வள நாடுகள். அவற்றின் குற்றத்துக்குத் தண்டனையாகத் தீவு மக்கள் நிலத்தையும் இழக்க வேண்டும், கடலையும் இழக்க வேண்டும். அவர்கள் இழக்கும் கடல், பெரிய கப்பல்களின் வேட்டைக்காடாக மாற வேண்டும்.

பசிபிக் நாடுகள் இதற்குத் தக்க பதில் அளித்தன. ஒருமுறை வரையறுத்து ஐ.நா.விடம் ஒப்படைத்த எல்லை, கடல் உயர்ந்தாலும் குறையாது என்று 2021 ஆகஸ்டில் பசிபிக் தீவுகள் மன்றத்தின் தலைவர்கள் பிரகடனம் செய்தனர். வனுவாட்டுவின் முன்முயற்சியால் சர்வதேச நீதிமன்றத்தின் முன் சென்ற காலநிலை வழக்கில், 2025 ஜூலை 23 அன்று ஆலோசனைக் கருத்து வெளிவந்தது. முறையாக நிறுவப்பட்ட எல்லை ஆவணங்களைக் கடல் மட்ட உயர்வின் பொருட்டுத் திருத்த வேண்டிய கடமை எந்நாட்டுக்கும் இல்லை என்று அந்நீதிமன்றம் கூறியது. எல்லையை இன்றே அளந்து பதிவு செய்வதன் அவசரமும் இதிலேயே விளங்கும். கரை இருக்கும்போதே அளந்தாக வேண்டும். அதற்குக் கருவியும் பயிற்சியும் வழங்குவது, வெப்பத்தை உண்டாக்கியவர்கள் செலுத்த வேண்டிய கடனின் ஒரு சிறு தவணை. அதைக் கொடை என்பது மோசடி.

கோட்டுக்குள் உள்ளது எவருக்கு?

எல்லை வரைந்ததோடு பிரச்சினை தீர்ந்தது என்று மகிழ்ந்துவிட முடியுமா? இங்கேதான் தங்கவயலின் அனுபவம் பேசுகிறது. குத்தகை நிலத்தின் எல்லைகள் இங்கு தெளிவாகவே அளக்கப்பட்டிருந்தன. நிலத்தின் உரிமை மைசூர் அரசிடமே இருந்தது. எடுத்த தங்கத்தில் 5 விழுக்காடு உரிமத்தொகையாக அரண்மனை அரசுக்குச் சேர்ந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கூடத் தங்கவயலுக்குத்தான் முதலில் வந்தது. ஆயினும் வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கிப் பாறை வெடிப்பில் மாண்ட தொழிலாளிக்கு அவ்வெல்லைக்குள் எந்த உரிமையும் இருக்கவில்லை. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் அவன் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. 1946 நவம்பரில் துப்பாக்கிச் சூட்டில் அவன் உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது.

நவ்ருவின் கதையும் இதுவே. 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தீவின் பாஸ்பேட்டை ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து ஆகிய மூன்றும் கூட்டாகத் தோண்டித் தம் வயல்களுக்கு உரமாக்கின. 1968இல் நவ்ரு விடுதலை பெற்றது. 1989இல் அது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த பின்னரே, 1993இல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஆஸ்திரேலியா உடன்பட்டது. இன்று எல்லை வரைய உதவுவதாகப் பெருமை பேசும் நாடு அதே ஆஸ்திரேலியாதான்.

அடுத்த வேட்டை ஆழ்கடலில் தொடங்கியுள்ளது. கடலடியில் கிடக்கும் உலோக முண்டுகளில் நிக்கலும் கோபால்ட்டும் மாங்கனீசும் உள்ளன. எந்நாட்டின் எல்லைக்கும் உட்படாத கடலடி மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்பது 1982 உடன்படிக்கையின் விதி. அங்கே தோண்ட விரும்பும் தனியார் நிறுவனத்துக்கு ஒரு நாட்டின் ஆதரவு தேவை. கனடாவைச் சேர்ந்த தி மெட்டல்ஸ் கம்பெனி, நவ்ருவையும் டோங்காவையும் அதற்குப் பயன்படுத்திக்கொண்டது. சர்வதேசக் கடலடி ஆணையத்தின் விதிகள் தாமதமாகவே, 2025 ஏப்ரலில் அமெரிக்கா உள்நாட்டுச் சட்டத்தின் வழியே ஆழ்கடல் சுரங்கத்துக்கு வாசல் திறந்தது. அந்நிறுவனமும் உடனே அங்கு விண்ணப்பித்தது. சிறிய நாட்டின் இறையாண்மை தேவைப்பட்டவரை அதன் கொடி வேண்டியிருந்தது. குறுக்குவழி கிடைத்ததும் கொடியை மாற்றிக்கொண்டார்கள்.

இதைக் காட்டி, எல்லையும் இறையாண்மையும் வீண், எல்லாம் மூலதனத்தின் கையில் என்று இடதுசாரி முகாமிலேயே சிலர் சலித்துக்கொள்வதுண்டு. தங்கவயல் 1956இல் தேசவுடைமையானது, ஆனாலும் மூடப்பட்டதே என்று அவர்கள் உதாரணமும் காட்டுவார்கள். இவ்வாதம் பாதி உண்மையைச் சொல்லி மீதியை மறைக்கிறது. வளமிக்க படிவங்களில் பெரும்பகுதியை அந்நிய நிறுவனம் சுரண்டி முடித்த பின்னரே, ஆழத்தில் எஞ்சிய, எடுக்கச் செலவு மிகுந்த பாறை அரசின் கைக்கு வந்தது. அப்போதும் 45 ஆண்டுகள் அப்பொதுத்துறை பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை இழுத்து மூடியது புதிய பொருளாதாரக் கொள்கை. இறையாண்மை போதாது என்பது இதிலிருந்து பெறும் பாடம். தேவையில்லை என்பது அன்று. தன் எல்லையே இல்லாத நாடு, எதைத் தேசவுடைமையாக்கும்?

ஒன்றிய அரசின் இரட்டை வேடம்

உலகளாவிய தெற்கின் குரல் என்று மோடி அரசு தன்னை வருணித்துக்கொள்கிறது. 2023 மே மாதம் பப்புவா நியூகினியின் மோர்ஸ்பி துறைமுக நகரில் பசிபிக் தீவுத் தலைவர்களைக் கூட்டிப் பெருங்கடல்களின் நலம் பற்றிப் பிரதமர் பேசினார். அதே ஆண்டில் அவரது அரசு, கடற்பகுதிக் கனிமச் சட்டத்தைத் திருத்தி, 50 ஆண்டுக் குத்தகைக்குத் தனியாரை ஏல முறையில் அழைத்தது. 2024 நவம்பரில் கேரளம், குஜராத், கிரேட் நிக்கோபார் கடற்பகுதிகளில் 13 தொகுதிகள் ஏலத்துக்கு விடப்பட்டன. கொல்லம் மீனவர்கள் வீதிக்கு வந்தனர். கேரள சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. எல்லை இந்தியாவுடையது, அதற்குள் இருக்கும் மணலும் கனிமமும் ஏலம் எடுப்பவனுடையது என்பதே ஒன்றிய அரசின் தேசபக்தி.

தங்கவயலிலும் இதே நாடகம் தொடங்கியுள்ளது. 13 மண் மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 1,003 ஏக்கர் நிலம் இதில் அடங்கும். அந்தக் கழிவுக்குள் தொழிலாளர்களின் மூன்று, நான்கு தலைமுறை உழைப்பு இருக்கிறது. அதன் தூசியை நூறாண்டுக்கும் மேலாகச் சுவாசித்தவர்கள் அவர்களே. எடுக்கும் தங்கத்தில் அவர்களுக்கு என்ன பங்கு? வேலை எத்தனை பேருக்கு? குடியிருக்கும் வீட்டுக்கு உரிமை உண்டா? தோண்டும்போது பறக்கும் தூசிக்குப் பொறுப்பு யாருடையது? இக்கேள்விகளுக்கு விடை பெறாமல் ஒரு கூடை மண்ணும் அள்ளப்படக் கூடாது.

ஆகவே இடதுசாரிகளின் நிலைப்பாடு தெளிவானது. பசிபிக் தீவு நாடுகளின் கடல் எல்லைகள் கடல் உயர்ந்தாலும் மாறாதவை என்பதை இந்தியா நிபந்தனையின்றி ஆதரிக்க வேண்டும். அளவைப் பணிக்கான உதவி, கனிமக் குத்தகைக்கோ இராணுவத் தளத்துக்கோ விலையாக அமையக் கூடாது. ஆழ்கடல் சுரங்கத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்று அங்குள்ள மக்கள் எழுப்பும் கோரிக்கைக்குத் துணை நிற்க வேண்டும். இந்தியக் கடற்பகுதி ஏலம் கைவிடப்பட வேண்டும்.

1946இல் உயிர்நீத்த தியாகிகளுக்குத் தங்கவயல் தோழர்கள் நவம்பரில் அஞ்சலி செலுத்துவர். கிரிபாட்டியின் மீனவரும் நவ்ருவின் உழைப்பாளியும் கேட்பது அத்தியாகிகள் கேட்டதையே: தன் காலடியில் உள்ள வளத்தின் மீது தனக்குள்ள உரிமை. அஞ்சலிக் கூட்டங்களில் சயனைடு மேட்டின் கணக்கோடு பசிபிக்கின் கணக்கும் சேர்த்துப் பேசப்பட வேண்டும்.